அஞ்சலையின் முதல் போத்தல்

அஞ்சலையின் பாலில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்ல காஜா பேராங் வட்டாரத்தில் ஒருவருக்கும் வாய் வந்ததில்லை. மூன்று மாடு, இரண்டு தகரக் கேன், ஒரு பித்தளைப் படி. மலாய் பேசும் செட்டி வீடுகளின் முன்னால் "சூசு!" என்று பாலுக்கு மலாயில் கூவுவாள். தமிழ் வீடுகளில் கூவவே மாட்டாள். பாத்திரத்தோடு அவர்கள்தான் காத்திருக்க வேண்டும். கர்வக்காரிதான், யார் இல்லையென்றது? அந்தக் கர்வத்துக்கு அவள் உழைத்திருந்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில் அவளுக்கு இழுப்பு வந்து மூச்சு முட்டியபோது, பெரிய ஆஸ்பத்திரியில் கார்ட்டிசோன் மாத்திரை கொடுத்தார்கள். இழுப்பு ஓடியது, முகம் உருண்டது. "மாட்டுக்குப் போடுற புண்ணாக்கை நீயே திங்கிறியா?" என்று பக்கத்து வீட்டு பாக்கியலட்சுமி கேலி செய்தாள். இரண்டு வருஷம் இப்படி ஓடியது. ஐம்பத்தேழு ஆடியில் மாரியம்மனுக்கு விரதம் இருந்தவள், இழுப்புதான் இல்லையே என்று மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிட்டாள். நான்காம் நாள் தொழுவத்தில் வாந்தியெடுத்து, கால் துவண்டு விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவளைத் தேற்றியெடுத்த டாக்டர் ஜெயபாலன் பொறுமையாகச் சொன்னார். "சிறுநீரகத்துக்கு மேல ரெண்டு சின்ன சுரப்பி இருக்கும்மா. நீங்க முழுங்குற மருந்து மாதிரியே ஒண்ணை அதுங்களே சுரக்கும். மாத்திரை அந்த வேலையைப் பார்த்ததால தூங்கிப் போயிருக்கும். திடீர்னு மாத்திரையை நிறுத்தினா உயிருக்கே ஆபத்து."

"எழுப்ப முடியுமா ஐயா?"

"எழும்புதான்னு சோதிச்சுத்தான் பார்க்கணும்."

முதல் நாள், இருபத்துநாலு மணி நேரச் சிறுநீர் முழுவதும் ஒரு போத்தலில். மறுநாள், சுரப்பியை உசுப்பும் மருந்தை நரம்பில் ஏற்றிவிட்டு, இன்னொரு போத்தலில். இரண்டையும் அளந்து சிங்கப்பூருக்கு அனுப்பி ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். சுரப்பி எழுந்திருந்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம். இல்லையென்றால் சிங்கப்பூர் நிபுணரிடம் போக வேண்டும்.

முதல் நாள் மாலை, கணவரின் அண்ணன் சுப்பையன் பார்க்க வந்தார். வந்தவர் எழுந்திருக்கிற வழியைக் காணோம். அவர் கண் முன்னால் அந்தப் போத்தலைத் தூக்கிக்கொண்டு நடப்பதா? அஞ்சலைக்கு நாணம் பிடுங்கித் தின்றது. வெறுங்கையோடு கழிவறைக்குப் போய்விட்டு வந்தாள். யாருக்கும் தெரியாது.

இரண்டாம் போத்தலும் நிறைந்த பிறகு, வார்டைக் கவனிக்கும் டிரசர் கலியாணசுந்தரம் அளவு எழுதிச் சீட்டு ஒட்டினார். பார்த்துக்கொண்டிருந்த அஞ்சலைக்கு மாட்டு ஞாபகம் வந்தது. காலையில் கறந்ததில் ஒரு படியைக் கீழே கொட்டிவிட்டால், சாயங்காலம் மாடு அதிகம் கறந்தது போலத்தானே தெரியும்? முதல் போத்தல் குறைந்தால் இரண்டாவது ஓங்கி நிற்கும். சுரப்பி எழுந்துவிட்டது என்பார்கள். மாத்திரையை நிறுத்துவார்கள். இன்னொரு முறை தொழுவத்தில் விழுந்தால் எழுந்திருப்பாளோ என்னவோ. அதைவிட, அளவு குறைந்த ஒன்று தன் பேர் எழுதிப் போகிறதே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"டிரசர் ஐயா, அனுப்பாதீங்க," என்றாள், வார்டே கேட்கும்படி. "முதல் போத்தல் அளவு குறை. நான்தான் ஒரு தடவை பிடிக்கல."

"மறுபடி செய்யணும்னா ஏத்துன மருந்து அடங்கணும்மா. மெர்டேக்கா அன்னிக்கு இங்கதான் கிடப்பீங்க."

சுதந்திர நாளில் பாடாங் மைதானத்தில் கொடி ஏறுவதைப் பார்க்கவென்று பச்சைப் புடவை வாங்கி வைத்திருந்தாள். "கிடக்கிறேன்," என்றாள்.

ஊரே பாடாங்குக்குப் போன அன்று, மறுசோதனையின் இரண்டாம் நாள், அவள் கையில் மருந்து ஏறும் ஊசியோடு படுத்திருந்தாள். சாயங்காலம் சுப்பையன் கொண்டாட்டத்தைச் சொல்ல ஓடி வந்தார். பாதிக் கதையில் அஞ்சலை எழுந்தாள். ஊசியை எடுத்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. "கொஞ்சம் இருங்க, வந்திடுறேன்," என்று போத்தலைக் கையில் எடுத்துக்கொண்டு, அவர் எதிரிலேயே, பால் கேன் சுமக்கும் நடையில் நிமிர்ந்து போனாள். சுப்பையன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிவு வந்தது. சுரப்பி லேசாக அசைந்திருந்தது, அவ்வளவுதான்.

"அந்த முதல் போத்தல் போயிருந்தா நானே மாத்திரையை நிறுத்தியிருப்பேன்மா," என்றார் டாக்டர். அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. மாத்திரையைத் தொடரச் சொல்லி, நிபுணருக்குக் கடிதம் எழுதினார். அதில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் அஞ்சலை வாங்குவாளா? கலியாணசுந்தரம் தமிழில் படித்துச் சொன்னார்: "இவர் பால் விற்பவர். சிறுநீர் முழு அளவும் பிடிக்கப்பட்டது. இவர் சொல்லை நான் நம்புகிறேன், நீங்களும் நம்பலாம்."

சிங்கப்பூருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் காஜா பேராங்கில் பால் இரண்டு மணி நேரம் தாமதம். அஞ்சலை ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் கடிதத்தைச் சொல்லிவிட்டுத்தான் படியை எடுத்தாள். செட்டி வீடுகளில் மலாயில் சொன்னாள்.