அண்ணியின் கோணல் கண்ணாடி

என் அண்ணிக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. பதினெட்டு வருடமாக அடுத்தவர் மூக்கில் பிரேமை மாட்டி, காதோரம் வளைத்து, "இப்ப சரியா இருக்கா?" என்று கேட்பவள். தன்னுடைய கண்ணாடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றதும் பிரேம்தான் கோணிவிட்டது என்று முடிவு கட்டினாள். ஒரே வாரத்தில் மூன்று முறை சூடுகாட்டி வளைத்தாள். பிரேமில் ஒரு கோளாறும் இல்லை. இடது கன்னம்தான் வீங்கியிருந்தது.

தொட்டுப் பார்த்தால் உள்ளே பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. எங்கள் இருவருக்கும் ஒரே பயம்தான். அந்த வார்த்தையை மட்டும் இருவருமே சொல்லவில்லை. அண்ணனிடமும் சொல்லாமல் தோல் டாக்டரிடம் போனோம்.

"போன மாசம் காய்ச்சல் ஏதும் வந்துச்சா?"

"வந்துச்சுங்க."

"முகத்துல எப்பவாவது ஊசி போட்டு ஏதாவது நிரப்பிக்கிட்டீங்களா?"

அண்ணி என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். "சேச்சே, அதெல்லாம் இல்லைங்க."

"அப்ப ஸ்கேன் பாத்துட்டு, கொஞ்சம் சதை வெட்டி டெஸ்ட்டுக்கு அனுப்பணும்."

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஸ்கேன் அறைக்குள் அண்ணி தனியாகப் போனாள். வெளியே வந்தவள் அழுதுகொண்டே சிரித்தாள். கன்னம் எடுப்பாகத் தெரிய இரண்டு வருடம் முன்பு ஜெல் ஊசி போட்டிருக்கிறாள். நான் பக்கத்தில் இல்லாததால் உள்ளே உண்மையைச் சொல்லிவிட்டாள். ஸ்கேனிலும் அது தெளிவாகத் தெரிந்ததாம். காய்ச்சலுக்குப் பிறகு அந்த ஜெல்தான் வீங்கியிருக்கிறது. கிருமி இருந்தால் அடங்கட்டும் என்று முதலில் மாத்திரை, அப்புறம் ஜெல்லைக் கரைக்கும் ஊசி என்றார் டாக்டர். வெட்ட வேண்டியதில்லை.

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"ஏன் அண்ணி மறைச்சீங்க?"

"நீ கேலி பண்ணுவேன்னுதான்."

என் வாய்க்குப் பயந்து கத்திக்குக் கன்னத்தைக் காட்டத் துணிந்திருக்கிறாள்.

இரண்டு மாதத்தில் கன்னம் பழையபடி ஆனது. வீக்கத்துக்கு ஏற்ப வளைத்த பிரேம் இப்போது நிஜமாகவே கோணலாக நின்றது. நிமிர்த்தி மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"இப்ப சரியா இருக்கா?"

"இருக்கு அண்ணி." நுனி நாக்குவரை வந்த கேலியை விழுங்கினேன்.

"விழுங்காதடி, சொல்லித் தொலை."

அரை மணி நேரம் சொன்னேன்.