பெயருக்குரியவர் மட்டும்

அந்தக் கடிதம் முதலில் என் கையில் கிடைத்திருந்தால் கிழித்துக் குப்பையில் போட்டிருப்பேன். ஆனால் அது தில்லைநாதன் அண்ணையின் கையில்தான் கிடைத்தது. அன்று தொடங்கிய அலைச்சல் அவருக்கு மட்டுமல்ல, எனக்கும் சேர்த்துத்தான்.

1987ஆம் ஆண்டு மாசி மாதம். சுவிஸில், சோலோதுர்ன் ரயில் நிலையத்துக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு அறை, இரண்டு கட்டில். இரண்டு பேரும் ஒரே ஹோட்டலில் கோப்பை கழுவினோம். அவருக்கு நாற்பத்தொரு வயது. ஊரில் தங்கை செல்வராணிக்கு முப்பத்துமூன்று. தங்கை கரைசேராமல் தான் கட்டுவதில்லை என்று இருந்தவர். எங்கள் ஆட்களில் பலர் அப்படித்தான் இருந்தார்கள். எனக்குத் தங்கையும் இல்லை, பொறுமையும் இல்லை.

அவருக்குக் கொஞ்சம் டொச், அதாவது இங்கத்தை ஜெர்மன் மொழி, தெரியும். அதுதான் அவரைப் பிடித்த சனியன். எங்கேயாவது ஒரு தமிழனுக்கு அரசாங்கக் கந்தோர்க் கடிதம் வந்தால் நேரே எங்கள் அறைக்குத்தான் கொண்டுவருவான். வேலை முடிந்து கால் கடுக்க வந்தால் என் கட்டிலிலும் யாராவது ஒருவர் கடிதத்தோடு உட்கார்ந்திருப்பார். தில்லையண்ணை ஒருவரையும் திருப்பி அனுப்பியதில்லை. எனக்கு அதில் எப்போதும் எரிச்சல்தான்.

செல்வராணிக்கு லாங்கன்தாலில் இருக்கும் குலேந்திரனைப் பேசி முடித்திருந்தார்கள். பீங்கான் தொழிற்சாலையில் வேலை, அதற்கு முதல் ஒரு ஹோட்டலில் வேலை. சாதகம் பொருந்திவிட்டது, ஆவணியில் கொழும்பில் கலியாணம் என்று நாளும் பார்த்தாயிற்று. அப்போதுதான் தாயாரிடமிருந்து அந்தக் கடிதம் வந்தது. 'சுவிஸில் ஹோட்டலில் வேலை செய்த மாப்பிள்ளைக்குப் பொலிஸ் கேஸ் ஒன்று இருக்காம் என்று சந்தையில் கதைக்கினம். வடிவாக விசாரித்து எழுது. செல்வராணி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.'

இதற்கு முன் இரண்டு சம்பந்தம் குழம்பிப் போனது. இதுவும் போனால் அந்தப் பிள்ளைக்கு இனி ஒன்றும் வராது என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

ஊரில் மாப்பிள்ளை விசாரிப்பது ஒரு வேலையே இல்லை. ஒரு வீட்டுப் படலையடியில் சைக்கிளை நிறுத்தினால் போதும், கேட்காததையும் சேர்த்துச் சொல்வார்கள். இங்கே ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. எங்கள் லீவு நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. இரண்டு பேரும் ரயில் ஏறி லாங்கன்தால் போனோம்.

முதலில் நகரசபைக் கந்தோர். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மனிசி, குலேந்திரன் உங்களுக்கு என்ன முறை என்று கேட்டாள். மச்சானாக வரப்போகிறவர் என்பதை டொச்சில் எப்படிச் சொல்வது? தில்லையண்ணை தடுமாறி, "இன்னும் ஒரு முறையும் இல்லை" என்று சொல்லிவிட்டார். அவள் தலையை ஆட்டிப் பொலிஸ் நிலையத்துக்கு வழி காட்டினாள். அங்கே இருந்தவர் எழுந்து நின்று, அவன் உங்களை என்ன செய்தான், முறைப்பாடு எழுதவா என்று பேனையை எடுத்தார். இல்லை, இல்லை என்று இரண்டு பேரும் பின்னுக்கு நடந்தே வெளியே வந்தோம். பிறகு நீதிமன்றம். விசாரணை நடக்கும் நாளில் யாரும் வந்து பின்வாங்கில் இருந்து பார்க்கலாமாம். முடிந்த வழக்கின் பத்திரக் கட்டை மட்டும் பிறத்தியாருக்குத் தரமாட்டார்களாம். முடியாத வழக்கைப் பார்த்து நாங்கள் என்ன செய்வது?

பனி உருகிச் சப்பாத்துக்குள் தண்ணீர் போயிருந்தது. எனக்குப் பசி. அவர் என்னவோ, முதலில் போன கந்தோருக்கே திரும்பவும் போனார். அந்த மனிசிக்கு அவர் முகத்தைப் பார்த்து இரக்கம் வந்திருக்க வேண்டும். ஒரு படிவத்தை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழால் தள்ளினாள். ஷ்ட்ராஃப்ரெகிஸ்டர், அதாவது குற்றப்பதிவேடு, அது தலைநகர் பேர்னில் இருக்கிறது. இதை நிரப்பி, அடையாள அட்டைப் பிரதியோடு அங்கே அனுப்பினால் தாள் வரும். கையெழுத்து வைக்கிற இடத்தில் விரலை வைத்து, "பெயருக்குரியவர் மட்டும்" என்றாள்.

"அப்ப அவனையே கேக்கவேணுமோ?" என்றார் என்னிடம்.

"ஓம். உம்மிலை எங்களுக்குச் சந்தேகம், ஒரு கையெழுத்து வையும் எண்டு கேளுங்கோ" என்றேன். எனக்கு வந்த கோபத்தில் அப்படிச் சொன்னேன். அவர் அதையே செய்தார்.

குலேந்திரன் வேலை முடிந்து வரும்வரை தொழிற்சாலை வாசலில் நின்றோம். மெலிந்த ஆள். தலைமயிரெல்லாம் வெள்ளைத் தூசி. தில்லையண்ணை கடிதத்தில் இருந்ததை மறைக்காமல் சொன்னார். சொல்லும்போது நிலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு அடி கிடைக்கும் என்றே எதிர்பார்த்தேன்.

"தாங்கோ, வைக்கிறன்" என்றான் குலேந்திரன். "ஆனா அண்ணை, நீங்களும் ஒண்டு எடுங்கோ. பொம்பிளை வீட்டிலை என்னை விசாரிச்சதெண்டு தெரிஞ்சா என்ரை அம்மாவும் உங்களை விசாரிக்கச் சொல்லுவா."

"அதுக்கென்ன தம்பி, எடுக்கிறன்" என்றார் தில்லையண்ணை. அன்று முழுக்க அவர் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

மூன்று கிழமை கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குலேந்திரன் தன் கடித உறையை உடைக்காமலே கொண்டு எங்கள் அறைக்கு வந்தான். தில்லையண்ணைக்கு வந்ததும் அவரிடம் உடைக்காமல்தான் இருந்தது. நான் தேத்தண்ணி போட்டேன். குலேந்திரன் தன்னுடையதைப் பிரித்து மேசையில் வைத்தான். ஒரே ஒரு வரி, பதிவு எதுவும் இல்லை. தில்லையண்ணை கண்ணை மூடித் திறந்தார். பிறகு தன்னுடையதைப் பிரித்தார்.

அதில் நாலு வரி இருந்தது. 1984 கார்த்திகை. சோலோதுர்ன். அடையாள அட்டையை இன்னொருவருக்குப் பாவிக்கக் கொடுத்த குற்றம். அபராதம்.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது. அம்புறோஸ் என்று மன்னார்ப் பக்கத்து ஆள், வந்த புதிது, வேலை செய்ய அனுமதி இல்லை. தில்லையண்ணை தன் லீவு நாட்களில் தன் கார்ட்டை அவனிடம் கொடுத்து வேலைக்கு விட்டார். முதலாளிக்கு எங்கள் முகமெல்லாம் ஒரே முகம்தானே, ஆரு பார்க்கப்போகினம் என்ற நினைப்பு. அன்று பல பேர் அப்படிச் செய்தார்கள். இவர் பிடிபட்டார். அம்புறோஸ் பிரான்சுக்குப் போய்விட்டான்.

"நான் காசு கட்டினனான்" என்றார் தில்லையண்ணை. "ரயிலிலை டிக்கெட் இல்லாமல் பிடிபட்டாக் கட்டுறமே, அப்பிடித்தான் நினைச்சன். கட்டினா முடிஞ்சுதெண்டு." ஊராருக்கெல்லாம் கந்தோர்க் கடிதம் வாசித்துச் சொன்ன மனிசன், தனக்கு வந்ததில் தொகையை மட்டும்தான் வாசித்திருக்கிறார்.

பிறகு அவரே சொன்னார். "சந்தையிலை கதைக்கிற ஹோட்டல்காரன் நான்தான் தம்பி. கதை ஊருக்குப் போய்ச்சேரேக்கை உம்மிலை ஒட்டிப்போட்டுது."

குலேந்திரன் அந்தத் தாளை மடித்து, உறைக்குள் வைத்து, அவர் கையில் கொடுத்தான். "இதை நான் பாக்கேல்லை. அம்மா கேட்டால், இந்த நாட்டிலை ஒருத்தற்றை பதிவை அவர் மட்டும்தான் பாக்கலாம் எண்டு எழுதுறன். அது பொய்யில்லைத்தானே."

அந்த மூன்று கந்தோர்க்காரரையும் நான் அதுவரை மனதுக்குள் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். அன்று அவர்கள்மேல் எனக்கு முதன்முதலாக ஒரு மரியாதை வந்தது. விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

குலேந்திரன் ரயிலுக்குப் போனதும் தில்லையண்ணை எழுத உட்கார்ந்தார். எழுதியதை எனக்குக் காட்டினார். 'மாப்பிள்ளைக்கு ஒரு கேஸும் இல்லை, தாள் இத்துடன் இருக்கிறது. சந்தையில் கதைக்கிற கேஸ் என்னுடையது. கேட்கிற ஆட்களுக்கெல்லாம் அப்படியே சொல்லுங்கோ.'

"உங்களுக்கென்ன விசரோ?" என்றேன். "முதல் வரி மட்டும் போதும். மற்றதை வெட்டுங்கோ. செல்வராணியின்ரை கலியாணம் முடிய உங்களுக்குப் பொம்பிளை பாக்கிறதெல்லோ?"

"ஆளில்லாமல் ஒரு கேஸ் ஊரிலை நிக்காது சிவநேசன். என்ரை எண்டு சொல்லாட்டில் அவன்ரை எண்டுதான் இருக்கும். அவள் அவனோடை வாழவேணும்." களைத்துப்போன குரல். அவருக்குப் பின்னேர வேலை இருந்தது. கடிதத்தை என்னிடம் தந்து, தபாலில் போடச் சொல்லிவிட்டுப் போனார்.

தபால் பெட்டியடியில் நான் கன நேரம் நின்றேன். கிழித்துவிட்டு இரண்டு வரி நானே எழுதிப் போட்டிருக்கலாம். கை வரவில்லை. போட்டுவிட்டேன்.

ஆவணியில் கலியாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. செல்வராணி இப்போது லாங்கன்தாலில் இருக்கிறாள், ஒரு பெண் பிள்ளை. தில்லையண்ணை இன்னமும் என் பக்கத்துக் கட்டிலில்தான். வேலை முடிந்து வந்து ஆட்களுக்குக் கடிதம் வாசிக்கிறார். இப்போது கடைசி வரிவரைக்கும் வாசிக்கிறார். இந்த இரண்டு வருசத்தில் அவரைக் கேட்டு ஒரு சம்பந்தமும் வரவில்லை.