மெஷினை நிறுத்தச் சொன்னவள்

பெங்களூரில் எனக்கு வேலை கிடைத்ததும், அது என்ன வேலை என்று நைனா கேட்டார். அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். ஆலை மெஷின்களின் அதிர்வையும் சூட்டையும் கம்ப்யூட்டருக்குப் பழக்கி, எந்தப் பாகம் எப்போது தேயும் என்று முன்கூட்டியே சொல்ல வைப்பது என்றேன். "மெஷினுக்கு ஜோசியம் பாக்கறேன்னு சொல்லு" என்றார். எங்கள் ஊர் புத்தூர் முழுக்க அப்படியே சொல்லியும் வைத்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

ஊரை விட்டால் போதும் என்று கிளம்பியவளைக் கம்பெனி முதலில் அனுப்பியதே எங்கள் சித்தூர்ப் பக்கத்து மாங்கூழ் ஆலைக்கு. சீசன் உச்சத்தில் ஒரு நாள், கூழ் பிரிக்கும் மெஷினில் ஒரு பேரிங் சீக்கிரமே உடையும் என்று கம்ப்யூட்டர் சொன்னது. காதுக்குச் சத்தமில்லை, கை வைத்தால் சூடுமில்லை. ஓடும்போது உடைந்தால் இரும்புத் துகள் கூழில் கலந்துவிடும். இப்போதே நிறுத்தினால் அரை நாளோடு போகும்.

"நீங்க சொன்னா நிறுத்தறேன் மேடம். தப்பாப் போச்சுன்னா நாளைலர்ந்து வராதீங்க" என்றார் மேனேஜர்.

கேட்டுக்கு வெளியே தோத்தாபுரி மாம்பழம் ஏற்றிய டிராக்டர்கள் வெயிலில் வரிசையாக நின்றன. அதில் ஒன்று நைனாவுடையது. எங்கள் தோட்டத்து விளைச்சலில் பாதி அதில் இருந்தது. நன்றாகக் கனிந்துவிட்ட பழம், மாலைவரை தாங்குமா என்பதே சந்தேகம். நிறுத்துங்கள் என்றேன்.

சேதி வெளியே போனதும் கூச்சல் கிளம்பியது. "எவட்ரா ஆப்பிந்தி?" என்று, நிறுத்தியவனைத் தெலுங்கிலும் தமிழிலும் மாற்றி மாற்றித் திட்டினார்கள். நான் வெளியே தலைகாட்டவில்லை. ஆலை ஃபிட்டர் பேரிங்கைக் கழற்றித் துடைத்துக் காட்டினார். உள்வளையத்தில் மயிரிழை போல விரிசல். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நைனாவிடம் ஓடினேன். திட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே டிராக்டர் நிழலில் உட்கார்ந்திருந்தார். டிரெய்லர் இடுக்கில் பழச்சாறு சொட்டத் தொடங்கியிருந்தது.

"நைனா, நிறுத்தச் சொன்னது நான்தான். பேரிங் விரிசல் வுட்டுக்கீது. இப்பதான் கயட்டிப் பாத்தோம்."

"தெரியுமே. எம்பொண்ணுதான் நிறுத்திக்கீறா, சும்மா நிறுத்தமாட்டான்னு அப்பவே இவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"கயட்டறதுக்கு முன்னயேவா? பேரிங் நல்லா இருந்திருந்தா?"

"இருந்தா இன்னா? நீ ஒண்டியா திட்டு வாங்கிக்கினு இருக்கமாட்ட இல்ல" என்றார்.