ஹயாத்து நானாவின் நாலு கதிரைகள்

எங்கள் சேவைக் கழகத்தில் எல்லாருக்கும் ஒரு பதவி உண்டு. ஓய்வுபெற்ற வாத்தியாரான எனக்குச் செயலாளர் பதவி. ஹயாத்து முகம்மது நானாவுக்குக் கதிரைப் பதவி. கழகத்தின் ஐம்பது பிளாஸ்ரிக் கதிரைகளும் நுரைச்சோலையில் அவர் வீட்டில்தான் கிடக்கின்றன. கலியாண வீடோ மையித்து வீடோ, கேட்டவருக்கு இல்லையென்று சொல்லத் தெரியாத மனிதர். கதிரையின் முதுகு வெடித்தால் மீன்வலை பொத்தும் நீல நைலோன் நூலால் தைத்துவிடுவார். பார்க்க அசிங்கம்தான், ஆனால் உடையாது.

போன வருடம் கழகத்திடம் படிப்புக்குப் புலமைப்பரிசில் கேட்ட பிள்ளைகளின் வீடுகளைப் பார்க்க நாங்கள் இருவரும் போனோம். முதலில் மாம்புரியில் பிரான்சிஸ்காவின் வீடு. கருவாட்டு வாடியில் மீன் வெட்டியே மகள் பிரசாந்தியைக் பல்கலைக்கழக வாசல்வரை கொண்டுவந்தவள். உதவி கிடைக்காவிட்டால் பிள்ளை வீட்டோடுதான் என்று எழுதியிருந்தாள். போய்ப் பார்த்தால் பூப்போட்ட துணி போர்த்த நாலு கதிரை, பொன்விளிம்புக் கோப்பையில் தேத்தண்ணி, தட்டு நிறையப் பிஸ்கட்! எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஐந்து பிஸ்கட்டைத் தின்றுவிட்டுக் கொப்பியில் 'வசதியான குடும்பம்' என்று எழுதினேன். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறேன் என்று அப்போது உறைக்கவில்லை.

நானா பிஸ்கட்டைத் தொடவில்லை. அவர் கை துணிக்குள் நுழைந்து கதிரையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது. அதைக் கண்ட பிரான்சிஸ்காவின் முகம் வெளிறிப் போயிற்று.

"நல்ல கதிரை, தங்கச்சி" என்று மட்டும் சொல்லி நானா எழும்பினார்.

வாசல் தாண்டி ஒழுங்கைக்கு வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மாஸ்டர், நீங்க குந்தினது எங்கட கழகத்துக் கதிரை. துணிக்குக் கீழ என்ட நூல் இரிக்கிது. பக்கத்து வீட்டுக் கலியாணத்துக்கு நான்தான் குடுத்தன்."

"அப்ப ஏன் அங்கயே சொல்லேல்லை?"

"வந்தவங்க நிலத்தில குந்தக்கூடாதெண்டு இரவல் வாங்கி வெச்சிரிக்கிறா. மூஞ்சிக்கு நேர எப்பிடிச் சொல்ற? தொண்ணூறில எங்கள மன்னாரில இருந்து விரட்டி, இங்க வந்து அகதிக் கேம்பில இரிக்கக்க எங்கட உம்மாவும் இப்பிடித்தான் பாய் இரவல் வாங்கி விரிச்சா. நிவாரணத்துக்குப் பதிய வந்தவன் பாயப் பாத்திட்டு எங்கட பேர வெட்டிட்டான்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எழுதியதை அந்த இடத்திலேயே வெட்டினேன். பட்டியலில் பிரசாந்தியின் பெயர்தான் முதலாவதாக ஏறியது.

அடுத்த வீடு வண்ணாத்திவில்லில். அங்கே போன நாளில் நானா நாலு கதிரைகளை ஆட்டோவின் மேல் கட்டிக்கொண்டு வந்தார். வாசலில் இறக்கும்போதே சத்தமாகச் சொன்னார்:

"தங்கச்சி, கதிரை நாங்களே கொண்டுவந்திட்டம். குடிக்கப் பச்சத்தண்ணி போதும். இந்த மாஸ்டருக்கு மட்டும் பிஸ்கட் குடுத்திராதீங்க!"