எனது பிரெஞ்சு வகுப்பும் தோழர்களின் வாக்கெடுப்பும்

எண்பதுகளின் நடுவில், மொன்றியலில், புதன்கிழமை பின்னேரங்களில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் புரட்சி நடக்கும். நான் குசினியில் ஆட்டிறைச்சிக் கறி காய்ச்சுவேன். உணவகங்களில் கோப்பை கழுவும் தோழர்களுக்குப் புதன்தான் லீவு. குளிர்காலமென்றால் அவர்களுடைய ஜாக்கெட்டுகள் எங்கள் கட்டிலில் குவிந்து கிடக்கும். மூன்று வயது மகள் அதற்குள் புகுந்து தூங்கிவிடுவாள். ரஷ்யா, சீனா, வியட்நாம் என்று தோழர்கள் பேச்சிலேயே நாடு நாடாகப் போய் வருவார்கள். அங்கே பெண்களுக்குக் கிடைத்த உரிமைகளைப் பற்றி இவர்களைப் போல் உருகிப் பேசியவர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை. பேசி முடிந்ததும் எல்லோருக்கும் பசிக்கும்.

யாழ்ப்பாணத்தில் நானும் இப்படியான அரசியல் வகுப்புகளில் இருந்தவள். இருந்தவள் என்ன, எடுத்தவள். சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ப் பெண்களைக் கூட்டி வைத்து, காணி உரிமை, சம சம்பளம், விவாகரத்து என்று தொண்டை கட்டும்வரை கத்தியிருக்கிறேன். கணவரைச் சந்தித்ததும் அங்கேதான். சீதனம் இல்லை, தாலி இல்லை, ஐயர் இல்லை. ஒரு வாசிகசாலையில் மாலை மாற்றிக்கொண்டோம். அதன்பிறகு அவர் எல்லோருக்கும் கேட்கும்படி ஓர் உறுதிமொழி வாசித்தார்: வீட்டு வேலையில் பாதி தன்னுடையது. கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரமானது.

ஊரில் அவர் என்னை 'தோழர்' என்று கூப்பிடுவார். மொன்றியலில் அது எல்லாக் கணவன்மாரும் மனைவியைக் கூப்பிடும் 'இஞ்சாரும்' ஆகிவிட்டது. "இஞ்சாரும், தேத்தண்ணி இன்னும் வரேல்லை" என்று வரவேற்பறையிலிருந்து குரல் வரும்.

பகலில் நான் ஒரு தையல் தொழிற்சாலையில் ஜாக்கெட்டுகளுக்கு சிப் தைத்தேன். பக்கத்து மெஷினில் வியட்நாமிலிருந்து படகில் வந்த ஒரு பெண் இருந்தாள். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். வடக்கில், புரட்சி வென்ற பக்கத்தில் வளர்ந்து, சீன வம்சாவளி என்பதால் பிறகு துரத்தப்பட்டவள். நான் புத்தகத்தில் படித்த புரட்சிக்குள் அவள் குடித்தனம் நடத்தியிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் உடைந்த பிரெஞ்சில் துருவித் துருவிக் கேட்பேன்.

அவள் எதையும் மறைக்கவில்லை. எழுத்து படிப்பித்தது புரட்சிக்காரர்கள்தான் என்றாள். அப்பா பார்த்த கிழவனை வேண்டாமென்று சொல்லச் சட்டம் இருந்தது, சொன்னேன் என்றாள். நெசவாலையில் ஆணுக்குக் கொடுத்த சம்பளமே அவளுக்கும்.

"பிறகு?" என்று கேட்டேன்.

பிறகு வேலை முடிந்தால் கூட்டம், கூட்டம் முடிந்தால் அரிசிக்கு வரிசை, அதுவும் முடிந்தால் அடுப்பு என்றாள்.

"ஆம்பிளைகள்?"

"அவர்கள் கூட்டத்திலேயே இருந்தார்கள்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். என் வீட்டைப் பற்றி நான் அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில், பஸ் போகும் வழியிலிருந்த பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு இலவசமாகப் பிரெஞ்சு வகுப்புத் தொடங்கப்போவதாக அவள்தான் செய்தி கொண்டுவந்தாள். இரண்டு பேரும் சேர்ந்தே பதிவோம் என்றாள். எனக்கு உடம்பெல்லாம் துள்ளியது. ஊரில் நான் சின்னப்பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள். பிரெஞ்சு வந்தால் இங்கே ஒரு கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளைப் பார்க்கும் வேலை எடுக்கலாம், சிப்புக்கும் நூலுக்கும் ஒரேயடியாகக் கும்பிடு போடலாம். வகுப்பு புதன்கிழமை பின்னேரம். வெள்ளிக்குள் பதிய வேண்டும்.

கணவரிடம் கேட்டேன். "புதனிலை பிள்ளையைப் பாத்துக்கொள்ளுங்கோ. நான் வகுப்புக்குப் போகோணும்."

"அண்டைக்குத்தானே தோழர்மார் வாறவை. அவையளையும் கேட்டுத்தான் சொல்லலாம்."

"பிள்ளை அவையின்ரையோ? வாசிகசாலையிலை வாசிச்சது ஞாபகம் இருக்கோ?"

"அது ஊரிலை. இஞ்சை நிலைமை வேறை. கூட்டு முடிவில்லாமல் நான் தனிய ஒண்டும் செய்யேலாது."

மனைவி படிக்கப் போவதா என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்கும் ஆண்களை நாங்கள் எத்தனை கூட்டங்களில் கிழித்திருப்போம்! இவர் அதையே நிகழ்ச்சிநிரலில் கடைசி விடயமாகச் சேர்த்தார்.

அந்தப் புதன் வியட்நாம் பெண்களைப் பற்றிய வகுப்பு. தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றே முழுவதும் கேட்டேன். முடிந்ததும் என் விடயம் வந்தது. வகுப்பெடுத்த மூத்த தோழர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"தங்கச்சி கேக்கிறது நியாயம்தான். ஆனா எது பிரதான முரண்பாடு எண்டு பாக்கோணும். அது தீர்ந்தாப் பேந்து இதெல்லாம் தானாத் தீரும்."

"அப்ப வேறை நாளிலை கூடுங்கோவன்."

"மற்ற நாளிலை எல்லாருக்கும் வேலையெல்லோ."

"வேறை வீட்டிலை?"

"அக்கான்ரை கறி அங்கை கிடையாதே" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு என்னோடு வேலை செய்யும் வியட்நாம் பெண் சொன்ன கதையைச் சொன்னேன். மூத்த தோழர் பொறுமையாகத் தலையாட்டினார். "புரட்சியை விட்டு ஓடி வந்தவளின்ரை கதையை வைச்சு நாங்கள் முடிவெடுக்கேலாது."

"நாங்களும் ஓடி வந்தாக்கள்தானே?"

வாக்கெடுப்போம் என்றார்கள். ஊரில் வகுப்பெடுத்த எனக்கு இங்கே வாக்கில்லை. இங்கே என்னை யாரும் உறுப்பினராகச் சேர்க்கவில்லை. புதன்கிழமைக் கூட்டம் எங்கள் வீட்டிலேயே, இதே ஒழுங்கில் தொடர்வதை ஆதரிப்பவர்கள் கையுயர்த்தச் சொன்னார் மூத்த தோழர். கைகள் எழுந்தன. என் கணவர் சுற்றிவரப் பார்த்தார். வலது கையிலிருந்த பிஸ்கட்டை இடது கைக்கு மாற்றிவிட்டு அவரும் உயர்த்தினார்.

வேண்டாம் என்று அவரே என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன், அழுதிருப்பேன், பிறகு மன்னித்தும் இருப்பேன். அவர் தன் வாயால் ஒன்றும் சொல்லவேயில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

மறுநாள் வியட்நாம் பெண் கேட்டாள். "என்ன, உன் கணவர் சம்மதித்தாரா?"

"வாக்கெடுத்தார்கள்" என்றேன். கூட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். இந்தமுறை அவள் சிரிக்கவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அந்தக் கூட்டத்துக்கு யார் சமைத்தது?"

"நான்தான்."

அவள் மறுபடி மெஷினை மிதித்தாள். வெள்ளிக்கிழமை தனியாகப் போய்ப் பதிந்துகொண்டாள். வகுப்புத் தொடங்கிய புதனன்று வேலை முடிந்து இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்தோம். மடியில் ஒரு புதுக் கொப்பி வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தடியில் இறங்கும்போது என் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள். நான் இறங்கவில்லை. இறைச்சிக்கடை பூட்டுவதற்குள் போயாக வேண்டியிருந்தது.