மீதி இரண்டு செட்

ஒரு உயிரின் விலை நாற்பத்தைந்து ரூபாய். ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், போன மே மாதம் படிந்த விலை அது. முதலில் சொன்னது ஐம்பது. ஐந்து ரூபாய் பேரத்தில் குறைந்தது.

கதை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இது நடந்தது. மருந்துக்கடை ரெங்கராஜ் தன் வாயால் சொன்னது. லாபமில்லாமல் வாயைத் திறக்காத மனிதர் அவர். இதைச் சொல்லி அவருக்குச் சல்லிக்காசு பிரயோஜனமில்லை. அதனாலேயே நம்ப வேண்டியிருக்கிறது. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். மற்றபடி கூடுதலும் இல்லை, தள்ளுபடியும் இல்லை.

ராத்திரி, புளியமரம், கொலுசுச் சத்தம் எதுவும் கிடையாது. இது வந்தது பட்டப்பகலில். மத்தியானம் இரண்டு பத்துக்கு.

அந்தப் பக்கத்தில் யாரும் காய்ச்சல், வயிற்றுவலிக்கு டாக்டரிடம் போவதில்லை. புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனால் பஸ், டோக்கன், ஃபீஸ், டெஸ்ட் என்று ஆயிரம் ரூபாய் காலி. ரெங்கராஜ் கடையில் 'செட்' வாங்கினால் முடிந்தது. என்ன செய்கிறது என்று சொன்னால் போதும். நாலைந்து அட்டைகளை எடுப்பார், கத்தரிக்கோலால் ஒவ்வொரு மாத்திரையாக நறுக்குவார், ஒரு வேளைக்கு ஒரு சின்னக் காகிதக் கவர். அதுதான் செட். கவரின் மேல் எதுவும் எழுத மாட்டார். நறுக்கிய துண்டில் மாத்திரையின் பேரும் பாதிதான் இருக்கும். நாளைக்கு யாரும் வந்து ஏன் கொடுத்தாய் என்று கேட்க முடியாது பாருங்கள். மருந்தியல் படித்தவர், அந்த அளவுக்கு விவரம்.

அன்றைக்குக் காலை ஒன்பது நாற்பதுக்கு ஆனந்தவள்ளி வந்தார். மூன்று சந்து தள்ளி வீடு. வீட்டில் கிரைண்டர் போட்டுத் தோசை மாவு விற்கிறவர். வயது அறுபதுக்குள். ஒரே மகன் சுரேஷ்குமார், அரியமங்கலத்தில் லேத் பட்டறை வேலை. ஆனந்தவள்ளியிடம் பேரம் பேசி ஜெயித்தவர் அந்த வட்டாரத்தில் இல்லை. ஒருமுறை சில்லறையில் ஒரு ரூபாய் குறைந்தது என்று, ஐப்பசி மழையில், கடை சாத்துகிற நேரத்துக்கு நனைந்துகொண்டே திரும்பி வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனவர்.

"தம்பி, நெஞ்செல்லாம் எரியுது. வாயு புடிச்சிருக்கு. இந்தத் தாடையில வந்து இழுக்குது, இடது தோள்ல இறங்குது."

தாடை. இடது தோள். நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. ரெங்கராஜுக்குத் தெரியும். படித்திருக்கிறார். 'உடனே ஈசிஜி எடுங்கம்மா' என்ற வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது.

அதற்குள் அந்தம்மா கேட்டுவிட்டார்:

"மூணு செட்டு எவ்வளவு?"

"அம்பது."

"மாத்திரையில தங்கமா கலந்திருக்கு? நாப்பது."

"கட்டுப்படியாகாதும்மா. நான் கடைக்கு வாடகை கொடுக்கணும்."

"நான் மட்டும் மாவை ஓசியிலயா ஆட்டுறேன்? எதிர்த்த கடைக்குப் போகட்டா?"

"சரி, நாப்பத்தஞ்சு. இதுக்குக் கீழ ஒரு பைசா குறையாது."

"குடுங்க. எரியுது."

வியாபாரிக்கு ஐந்து ரூபாய்ப் பேரம் வந்துவிட்டால் மற்றதெல்லாம் மறந்துவிடும். தொண்டை வரை வந்த வார்த்தை அப்படியே இறங்கிவிட்டது. க்ளிக், க்ளிக், க்ளிக். மூன்று கவர். அந்தம்மா ஒன்றை அங்கேயே பிரித்து வாயில் போட்டு, கடைத் தண்ணீரைக் குடித்துவிட்டு நடந்தார். தோளைப் பிடித்துக்கொண்டே.

பதினொன்றரை மணிக்கு ரெங்கராஜுக்கு அந்த வார்த்தை திரும்ப ஞாபகம் வந்தது. போய்ச் சொல்லிவிட்டு வரலாமா? மூன்று சந்துதான். கடையில் ஆட்கள் நின்றார்கள். பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் நினைத்தார். ஒன்றரைக்குத் தயிர்சாதம் சாப்பிடும்போது மூன்றாம் தடவை. பாதியில் டிபன் பாக்ஸை மூடினார். வெளியே அக்னி நட்சத்திர வெயில், தெருவில் ஒரு நாய் இல்லை. நாலு மணிக்கு வெயில் தாழ்ந்ததும் போய்ச் சொல்லிவிடலாம், வாயுவாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே ஒரு விலை பேசிக்கொண்டார்.

ஷட்டரை இடுப்பு உயரத்துக்கு இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்தார். மின்விசிறி மட்டும் டொக்... டொக்... என்று சுற்றிக்கொண்டிருந்தது.

இரண்டு பத்து. கடிகாரத்தைப் பார்த்தார், நன்றாக நினைவிருக்கிறது.

வெளியே ஒரு சத்தம். சரக்... நின்றது. சரக்... நின்றது.

யாரோ நடப்பதுபோல் இல்லை. இரண்டு காலையும் சேர்த்து இழுப்பதுபோல்.

ஷட்டருக்குக் கீழே இரண்டு பாதங்கள் வந்து நின்றன. செருப்பில்லை. தார் உருகுகிற வெயிலில் வெறுங்கால். ஒன்றோடொன்று ஒட்டி நின்றன.

"கடை நாலு மணிக்கு" என்றார் ரெங்கராஜ்.

"நான்தான் தம்பி."

ஆனந்தவள்ளியின் குரல்!

அந்த நிமிஷம் அவருக்கு வந்த நிம்மதியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஆள் உயிரோடு இருக்கிறார். வாயுதான். காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கிவிட்டது. மேஜையில் கிடந்த டிபன் பாக்ஸை ஓரம் தள்ளிவிட்டு நிமிர்ந்தார்.

அந்தம்மா உள்ளே நின்றார். கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம்.

குனிந்து வந்ததை அவர் பார்க்கவில்லை. ஷட்டர் அசைந்த சத்தமும் இல்லை.

தலைமுடி ஈரம். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. காவிரியில் குளித்துவிட்டு வருகிறார் போல என்று நினைத்தார். பிறகுதான் தோன்றியது, மே மாதம். காவிரியில் மணல்தான் இருக்கிறது.

தாடையிலிருந்து உச்சந்தலைக்கு ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தது.

"தாடை வலி இன்னும் போகலையாம்மா?"

கை நீண்டது. இரண்டு காகிதக் கவர்.

"ஒரு வேளைதான் ஆச்சு. மீதி வேணாம்."

உதடு அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவதுபோல் குரல் மட்டும் வந்தது.

மீந்த மாத்திரையைத் திருப்பிக் கொடுப்பது அங்கே வழக்கம்தான். காசைத் திருப்பிக் கொடுப்பதுதான் வழக்கமில்லை. ரெங்கராஜ் கவரை வாங்கினார். ஐஸ் பெட்டியில் வைத்த ஊசிமருந்துபோல் சில்லென்று இருந்தது.

ஒரு செட் பதினைந்து. இரண்டு செட்டுக்கு முப்பது கொடுக்க வேண்டும். கல்லாவைத் திறந்தார். அங்கே ஒரு இருபது ரூபாய் நோட்டு கிடந்தது. நடுவில் கிழிந்தது. காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியைப் போட்டு அவரே ஒட்டியது. பத்து நாளாக யார் தலையிலாவது கட்டப் பார்க்கிறார், ஒருவரும் வாங்கவில்லை.

பழக்கம் விடுமா? அதை எடுத்து நீட்டினார்.

"வெட்டுன மாத்திரையை வேற யாருக்கும் விக்க முடியாதும்மா. இருபதுதான்."

இப்போது வரும் பாருங்கள் என்று காதைத் தயார் செய்துகொண்டார். 'கிழிஞ்ச நோட்டை என் தலையில கட்டுறியா? எடு முப்பது!'

வரவில்லை.

அந்தம்மா நோட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. மெதுவாக விரல்களை மூடினார்.

ஆனந்தவள்ளி... பேரம் பேசவில்லை.

அப்போதுதான் அவர் கையை இழுத்துக்கொண்டார்.

முகத்தைப் பார்த்தார். நெற்றியில் வட்டமாக ஏதோ மின்னியது. கணவர் போன பிறகு அந்த நெற்றியில் பொட்டே கிடையாது.

பொட்டு இல்லை அது.

ஒரு ரூபாய் நாணயம்.

பார்வை தானாகக் கீழே போனது. கண்ணாடிப் பெட்டி வழியாகத் தெரிந்தது...

இரண்டு கால் கட்டைவிரல்களும் சேர்த்து...

வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது.

டொக்... டொக்... மின்விசிறி நின்றது.

"மீதிக்கு வரேன் தம்பி."

சரக்...

சரக்...

மறுபடி மின்விசிறி சுற்றியபோது மணி இரண்டு பதினாலு. யாரும் இல்லை. தரையில் சொட்டிய ஈரம் மட்டும் காய்ந்துகொண்டிருந்தது. அவர் கையில் இரண்டு கவர்.

வெயில், தயிர்சாதம், அரைத்தூக்கம் என்று மூன்று காரணம் சொல்லிக்கொண்டார். கவர்களைக் கல்லாவுக்குள் தள்ளிப் பூட்டினார். நாலு மணி ஆயிற்று. மூன்று சந்து தாண்டிப் போகவில்லை. கால் வரவில்லை.

ஐந்து இருபதுக்கு சுரேஷ்குமார் வந்தான். தலை கலைந்து, பட்டறைச் சட்டையிலேயே.

"அண்ணே, ஒரு பஞ்சு ரோலு. ஒரு பன்னீர் பாட்டில்."

ரெங்கராஜ் பஞ்சு ரோலை எடுத்து மேஜையில் வைத்தார்.

"என்னப்பா..."

"அம்மா போயிட்டாங்கண்ணே. ஹார்ட் அட்டாக். ஒண்ணு பத்துக்கு."

ஒன்று பத்து.

"ரெண்டு மணிக்குள்ள குளிப்பாட்டிக் கிடத்தியாச்சு. நான் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன். டாக்டர் சொல்றாரு, காலையிலயே கொண்டாந்திருந்தா பொழைச்சிருப்பாங்களாம். எவனோ வாயுன்னு மூணு செட்டு கொடுத்திருக்கான்."

"எந்தக் கடையில..."

"தெரியலைண்ணே. எங்க ரெண்டு ரூவா கம்மியோ அங்க வாங்குவாங்க, அம்மாவைத்தான் தெரியுமே. மீதி ரெண்டு கவர் தலைமாட்டுல இருந்துச்சு. கையோட எடுத்துட்டுப் போய்க் கடை கடையாக் கேக்கலாம்னு இருந்தேன். இப்பப் பாத்தா அதைக் காணோம்."

அவன் ரெங்கராஜின் முகத்தைப் பார்த்தான்.

"நீங்க கொடுக்கலல்லண்ணே?"

கல்லாவின் பூட்டு அவர் வயிற்றை இடித்துக்கொண்டிருந்தது.

"இல்லப்பா" என்றார் ரெங்கராஜ்.

அவன் தலையாட்டினான். பஞ்சுக்கும் பன்னீருக்கும் தொண்ணூறு ரூபாய். காசு வேண்டாம் என்று ரெங்கராஜ் கையை ஆட்டினார்.

"கடன் ஆகாதுண்ணே, அம்மாவுக்குப் பிடிக்காது" என்று சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்தான். ஒரு ஐம்பது. இரண்டு பத்து. கடைசியாக ஒரு இருபது.

"இது ஒட்டுன நோட்டு, பரவாயில்லையா? அம்மா கையில இருந்துச்சு. குளிப்பாட்டுறப்ப கை விரிஞ்சுதான் இருந்துச்சுண்ணே, நானே சந்தனம் தடவினேன். ரெண்டே கால் இருக்கும், அத்தை பாத்துட்டுக் கத்துறாங்க. இறுக்க மூடியிருக்கு. நாலு பேர் சேந்துதான் விரலைப் பிரிச்சோம்."

நடுவில் பிளாஸ்திரி. அவர் ஒட்டியது. அதன் மேல் இன்னும் சந்தன ஈரம்.

இது நடந்து இன்றைக்கு ஒரு வருஷம் ஆகப்போகிறது. இப்போதெல்லாம் ரெங்கராஜ் மத்தியானத்தில் ஷட்டரை இறக்குவதில்லை. கடைக்குள் உட்காருவதும் இல்லை. வெயிலில், எதிர்ச் சுவரோரம் நிற்கிறார். நெஞ்செரிச்சல் என்று யார் வந்தாலும் மாத்திரை கிடையாது, ஈசிஜி எடுக்கச் சொல்லித் துரத்துகிறார். 'இந்த ஆளுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு' என்று சொல்லி எதிர்த்த கடைக்குப் போகிறார்கள். அங்கே மூன்று செட் இப்போது அறுபது ரூபாய். அதையும் பேரம் பேசுகிறார்கள்.

சுரேஷ்குமாரிடம் அவர் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

கல்லாவின் மேல் மூன்று புது பத்து ரூபாய் நோட்டு, ஸ்டேப்ளருக்கு அடியில், எந்நேரமும் தயாராக இருக்கிறது. எதற்கு என்று கேட்டேன். கணக்கு சொன்னார்.

கொடுத்தது மூன்று செட். திரும்பி வந்தது இரண்டு. அதற்குத் தர வேண்டியது முப்பது. தந்தது இருபது. காசு வேண்டாம் என்று சொல்லியும் அந்த இருபதும் கடைக்கே வந்துவிட்டது.

ஆனந்தவள்ளிக்குப் பாக்கி, முப்பது ரூபாய்.