நான் நேராக்கிய கம்பளம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தைப்பொங்கல் முடிந்த அடுத்த வாரம் நடந்தது இது. கொட்டகலை பஸாரில் எனக்கு ஒரு தையல் கடை இருக்கிறது. பிளவுஸ், பாடசாலை யூனிபோர்ம், பங்களாக்களுக்குத் திரைச்சீலை என்று எது வந்தாலும் தைப்பேன். கோணல் மட்டும் எனக்கு ஆகவே ஆகாது. பஸ்ஸில் முன்னால் நிற்பவரின் சேலை மடிப்பு சரியில்லை என்றாலே கை பரபரக்கும்.

பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவில் இருபது வருடம் வேலை பார்த்தவர். பங்களா ஹாலில் கிடந்த சிவப்புக் கம்பளத்தை, பழைய துரை வேலையை விட்டுப் போகும்போது அவருக்கே கொடுத்துவிட்டாராம். அதைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். ஹட்டனில் பழைய சாமான் வாங்கும் முதலாளி ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார், விற்றால் மழைக்கு முன்னால் தான் குடியிருக்கும் லயத்துக் கூரைக்குப் புதுத் தகரம் போட்டுவிடலாம் என்றார்.

"ஒரு மூலை பிரியுது தங்கச்சி. அத மட்டும் தச்சுக் குடுங்க."

அதை மட்டும் தைத்திருக்கலாம்.

மேசையில் விரித்துப் பார்த்தேன். ஒரு முனை அகலம், மறு முனை ஒடுக்கம். பாதிக்கு மேல் சிவப்பு வேறு சிவப்பாகியிருந்தது. இரண்டு முனையிலும் ரோமமே இல்லாமல் தட்டையாக ஒரு பட்டை, அதற்குக் கீழே சிக்கு விழுந்த குஞ்சம். வருகிறவர் முகம் சுளிப்பாரே என்று நினைத்தேன். அக்காவுக்கு நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு வேறு. அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, பெரிய கத்தரியால் நாலு பக்கமும் நேராக வெட்டி, கறுப்பு நாடா வைத்துச் சாக்கு ஊசியால் ஓரம் தைத்தேன். வெட்டிய துண்டுகள் குப்பை டிராக்டரில் போய்விட்டன.

ஞாயிற்றுக்கிழமை நானும் லயத்துக்குப் போனேன். பாராட்டு வாங்கத்தான், வேறெதற்கு? முதலாளி வந்ததும் கம்பளத்தைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்து முடிச்சுகளை விரலால் தடவினார். முன்பக்கத்துப் பூக்கள் பின்னாலும் அப்படியே தெரிந்தன. அவர் முகம் மலர்ந்தது. ஓரத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

பொறுமையாகத்தான் சொன்னார். ஆப்கானிஸ்தானில் ஆடு மேய்த்து இடம் மாறிப் போகிற கூட்டத்துப் பெண்கள் கையால் நெய்ததாம். தறியைப் பிடுங்கிக்கொண்டு போய் அடுத்த இடத்தில் மறுபடி நடுவார்களாம், அதனால் கோணல் விழுமாம். சாயம் தீர்ந்து புதிதாகக் காய்ச்சினால் சிவப்பும் மாறுமாம். முனையில் இருக்கும் பட்டையைப் பார்த்தால், எந்தக் கூட்டத்தார் நெய்தது என்றுகூட ஓரளவு சொல்லிவிடலாமாம்.

"இப்ப இது நல்ல கம்பளத்துல வெட்டுன ஒரு துண்டு, அவ்வளவுதான். யாரு வெட்டுனது?" என்றார்.

நான் தைத்த கறுப்பு நாடாவையே பார்த்தேன். அதற்குள் அக்கா, "நான்தாங்க வெட்டச் சொன்னேன். அசிங்கமா தொங்கிச்சு," என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. முதலாளி அக்காவை ஒன்றும் தெரியாதவரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். இருபது வருடம் அந்தக் கம்பளத்தைத் தட்டி, வெயில் காட்டி, பூச்சி அண்டாமல் காப்பாற்றியவர் அக்கா. வெட்டியது நான் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? பஸாரில் எனக்கிருந்த பெயரை நினைத்தேன். சொல்லவில்லை.

முதலாளி வாங்காமலே போய்விட்டார். அந்த வருட மழைக்கு அக்கா கூரைமேல் பிளாஸ்டிக் விரித்துக் கல் வைத்தார். தகரம் வாங்க நான் உதவுகிறேன் என்று போய் நின்றேன். "விடுங்க தங்கச்சி, தெரியாம செஞ்சதுதானே," என்று தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

வெட்டியது தெரியாமல்தான். வாய் மூடி நின்றது தெரிந்தேதான் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும். பிளவுஸ் துணியோடு அவர் கடைக்கு வரும்போதெல்லாம் அவர் முகத்தைப் பார்க்காமலே இன்றும் அளவெடுக்கிறேன்.